மிரளும் குதிரை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

2024 அக்டோபரில் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடியது. 1864இல் தொடங்கிய பினாங்குப் பந்தயக் கிளப்பும் 2025இல் பந்தயத்துக்குக் கடையைக் கட்டியது. அதிலிருந்து எனக்கு வரும் போன் முக்கால்வாசி ஒரே மாதிரி: “அண்ணே, ரேஸ் குதிரை ஒன்னு சும்மா மாதிரி கிடைச்சிச்சு, எடுத்துட்டேன். கிட்டப் போனாலே மிரளுது. என்ன பண்றது?”

குதிரை சும்மா கிடைக்கும். தீனி, லாடம், வைத்தியர் எதுவும் சும்மா கிடைக்காது. சரி, எடுத்தது எடுத்தாகிவிட்டது.

என் மாமா கோலாலம்பூர் அம்பாங் சாலைத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்தவர். இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிறதே, அந்த இடம்தான். 1990களில் திடல் சுங்கை பெசிக்கு மாறியபோது அவரும் குதிரைகளோடு மாறினார். அவர் பக்கத்தில் நின்று பார்த்ததும், பிறகு உலு லங்காட் பக்கம் ஒரு சின்ன லாயத்தில் பதினைந்து வருடம் மிதிபட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கின்றன. உங்கள் குதிரை என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: பயமா, வலியா?

வலிக்கிற குதிரையும் பயந்த குதிரையும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் துள்ளும், இரண்டும் கடிக்க வரும். வலிக்கிற குதிரையை மாதக்கணக்கில் “பழக்கிக்கொண்டு” இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம் இரண்டு பேருமே.

குதிரை ஓய்வாக நிற்கும்போது நாடி பாருங்கள். தாடை எலும்பின் உள்பக்க விளிம்பில் விரல் வைத்தால் கயிறு மாதிரி ஒன்று உருளும், அதுதான். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி. இந்தக் கணக்கைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது வழக்கமில்லை என்று தெரியும்.

பிறகு பல். ஓரம் கூராகி உள்கன்னத்தைக் கீறும் பல்லோடு கடிவாளத்தை ஏற்றுக்கொள் என்றால் எந்தக் குதிரைதான் கேட்கும்? வருடத்துக்கு ஒருமுறையாவது பல்லை ராவ வேண்டும். குளம்பையும் பாருங்கள்; ஒரு கால் மட்டும் சூடாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள்.

நம் வெப்பத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது: வேர்வை நின்றுபோவது. லாயங்களில் ‘டிரை கோட்’ என்பார்கள். மற்ற குதிரைகள் எல்லாம் நனைந்து நிற்கும்போது உங்களுடையது மட்டும் காய்ந்த தோலோடு, விலா குத்த மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறதா? அது நோய், முரண்டு இல்லை. சவாரியை அங்கேயே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கீழே போக வேண்டும்.

அறிகுறி: கொட்டிலுக்குள் நுழைந்தால் பின்பக்கத்தைக் காட்டுகிறது, ஹால்டர் (தலையில் மாட்டும் கயிறு) போட விடுவதில்லை

பெரும்பாலான பிரச்சினைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வாங்கிய முதல் குதிரை ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. முத்தழகி என்று கூப்பிட்டோம். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டாலே மூலைக்குப் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொள்ளும். நான் ஹால்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்து, கையில் கேரட்டை நீட்டி, “வா வா” என்று கெஞ்சினேன். கேரட்டைத் தின்ன வந்ததும் டக்கென்று மாட்டினேன். இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் கேரட்டைப் பார்த்தாலே மூலைக்கு ஓடியது.

மாமா வந்து பார்த்தார். “நீ அதுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கே தெரியுமா? கேரட் வந்தா கயிறு வரும்னு” என்றார். ஹால்டரை என் தோளில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டுவிட்டார். கதவருகே நிற்கச் சொன்னார். அவ்வளவுதான்.

நின்றேன். முத்தழகியின் இடது காது மட்டும் என் பக்கம் திரும்பியது. “இப்ப வெளிய போ” என்றார். போனேன். திரும்ப வந்து நின்றேன். இந்த முறை காதோடு கண்ணும் திரும்பியது. “போ.” கழுத்து திரும்பியது. “போ.” கொசு என்னைத் தின்றுகொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து அது முழுதாகத் திரும்பி, மூக்கை நீட்டி, என் தோளில் தொங்கிய ஹால்டரை முகர்ந்து பார்த்தது. மாட்டப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு வேணாம்பா.”

அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளங்கியது: நாம் எந்த நொடியில் விலகுகிறோமோ, அந்த நொடியில் அது செய்துகொண்டிருந்ததைத்தான் குதிரை சரியான விடை என்று எடுத்துக்கொள்கிறது. துள்ளும்போது நாம் பின்வாங்கினால் துள்ளலைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். காதைத் திருப்பியபோது விலகினால் காதைத் திருப்பக் கற்றுக்கொண்டது. கீழே வருகிற எல்லா வைத்தியமும் இதே மருந்துதான், குப்பி மட்டும் வேறு.

செய்ய வேண்டியது: தோள் பக்கமாக நெருங்குங்கள், நேர் முன்னாலோ நேர் பின்னாலோ வேண்டாம். குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை பார்வை உண்டு, ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே, மூக்குக்கு அடியில், வாலுக்கு நேர் பின்னே தெரியாது. மூக்கைத் தடவ ஆசைப்படாதீர்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் நாடித் துடிப்பே இறங்கும். உதடு தொங்கி ஆடத் தொடங்கினால் உங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினால் மட்டும் வீரம் காட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். கதவை எப்போதும் உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பின்காலைத் தொட விடுவதில்லை

கையால் தொடங்காதீர்கள். ஒரு மீட்டர் மூங்கில் குச்சியின் நுனியில் பழைய கையுறையில் துணி அடைத்துக் கட்டுங்கள். நீங்கள் தோளருகே நின்றுகொண்டு, அதால் முதுகிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். உதைத்தால் குச்சியை எடுக்காமல், அழுத்தாமல், சும்மா ஒட்டியே வைத்திருங்கள். கால் தரையில் ஊன்றி ஓய்ந்த நொடியில் எடுங்கள். நாலைந்து நாளில் குச்சியின் இடத்தில் கை போகலாம். முதல் தடவை கால் மேலே வந்தால் இரண்டு நொடி போதும், அது இழுப்பதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள். லாடக்காரர் வரும் நாளுக்கு முதல் நாள் இதைத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கட்டிப்போட்டால் பின்னால் இழுத்துக் கயிற்றை அறுக்கிறது

இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாதீர்கள். வளையத்தில் எளிதில் அறுந்துபோகும் சணல் ஒன்றைக் கோத்து, அதில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். 500 கிலோ மிருகம் பயந்து சாயும்போது ஏதாவது ஒன்று அறுந்தே தீரும். அது சணலாக இருக்கட்டும், கழுத்தாக வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடியுங்கள். விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழக்குவதற்குக் கயிற்றைக் கட்டாமல் வளையத்துக்குள் விட்டு நுனியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் போனால் கொஞ்சம் வழுக்க விடுங்கள், முன்னால் ஒரு அடி வந்தால் உடனே தளர்த்துங்கள்.

அறிகுறி: சேணத்தைப் பார்த்ததும் காதைப் பின்னால் படுக்க வைக்கிறது, வயிற்றுப் பட்டையை இறுக்கினால் கடிக்க வருகிறது

மறுபடியும் வலி. இந்த இடத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பந்தயக் குதிரை என்றால் முதலில் வயிற்றுப் புண்ணைத்தான் சந்தேகப்படுவேன்.

குதிரையின் வயிறு தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த விலங்கு அது. புல்லை மெல்லும்போது வருகிற எச்சில்தான் அந்த அமிலத்தை அடக்கும். பந்தய லாயத்தில் இரண்டு மூன்று வேளை தானியம், நடுவில் காலி வயிறு, காலையில் வேகமான ஓட்டம். இரைப்பையின் அடியில் கிடக்கும் அமிலம் தளும்பி அதன் மேல்பகுதியை அரிக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வைத்தியர் 3 மீட்டர் நீளக் குழாய்க் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்க்க வேண்டும். அது வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம்: தானியத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், காய்ந்த புல்லோ பச்சைப் புல்லோ எப்போதும் எதிரில் இருக்கட்டும், சவாரிக்கு அரை மணிக்கு முன் இரண்டு கைப்பிடி புல் கொடுங்கள். வயிற்றில் புல் மெத்தையாகக் கிடந்தால் அமிலம் தளும்பாது. தானியம் குறைந்ததுமே பாதிக் குதிரைகளின் “பயம்” இறங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தின்று கொழுத்துவிட்டு ஓட இடமில்லாமல் நிற்பதும் ஒரு காரணம்தானே.

அடுத்து சேணம். சவாரி முடிந்து கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வேர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். நனைந்த முதுகின் நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது. அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் பல மாதமாக அழுத்துகிறது. பந்தய முதுகு ஒல்லி. ஓய்ந்து சாப்பிட்டுச் சதை போட்டதும் போன வருடத்துச் சேணம் இந்த வருடம் பொருந்தாது.

இரண்டும் சரி என்றான பிறகும் காதைப் படுக்க வைத்தால் அது பழைய நினைவு. வயிற்றுப் பட்டையை மூன்று தவணையாக இறுக்குங்கள். ஒரு ஓட்டை, பத்தடி நடை. இன்னொரு ஓட்டை, மறுபடி நடை. கடைசி ஓட்டை ஏறுவதற்குச் சற்று முன்.

அறிகுறி: ஏறப் போனால் நிற்பதில்லை

திட்டாதீர்கள், அதற்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். பந்தயத் திடலில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியின் காலைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கிவிடுவார். அங்கவடியில் கால் வைத்து எடையை ஒரு பக்கமாக இழுத்து ஏறுகிற ஆளை உங்கள் குதிரை பார்த்ததே இல்லையோ என்னவோ.

ஒரு முக்காலியோ மரப்படியோ வையுங்கள். அதன் மேல் ஏறி நின்று சொறிந்துவிட்டு இறங்குங்கள். அடுத்த நாள் வயிற்றைச் சேணத்தின் மேல் சாய்த்துவிட்டு இறங்குங்கள். ஏறி உட்கார்ந்த அன்றைக்கு எங்கேயும் போகாதீர்கள். உட்கார்ந்து, சொறிந்து, இறங்கி, வீட்டுக்குப் போங்கள். முத்தழகிக்கு இதுவே ஒன்பது நாள் ஆனது. நகர்ந்தால் கடிவாளத்தை இழுக்க வேண்டாம், ஒரு சின்ன வட்டம் நடத்தி மறுபடி படியருகே கொண்டுவாருங்கள்.

அறிகுறி: ஏறிய பிறகு எதையாவது பார்த்து மிரள்கிறது

கறுப்புக் குப்பைப் பை, நீலக் கூடாரத் துணி, மோட்டாரில் வருகிற ரொட்டிக்காரரின் ஹார்ன். நம் ஊர்ப் பட்டியல் இது. கோயில் வாசலில் மதுரை வீரன் ஏறியிருக்கும் குதிரை எதற்கும் அசையாது, சிமெண்டு. நம்முடையது அசையும்.

குதிரை குதித்த பிறகு நீங்கள் செய்வது எல்லாமே தாமதம்தான். குதிப்பதற்கு முன் எப்படியும் நாலைந்து செய்தி வந்திருக்கும்: காது இரண்டும் முன்னால் குத்திட்டது, மூச்சு நின்றது, உங்கள் தொடைக்கடியில் முதுகு பலகை மாதிரி ஆனது, நடை குறுகியது. அதில் முதல் செய்தியிலேயே நிறுத்துங்கள். பத்து மீட்டர் தூரத்தில் அது பையைப் பார்த்து நிற்கிறது என்றால், அந்தப் பத்து மீட்டர்தான் இன்றைய வகுப்பறை. தலையைத் தாழ்த்தவும் தூக்கவும் கடிவாள வாரில் இடம் விடுங்கள், பார்க்கட்டும். பெருமூச்சு விட்டதும், கழுத்து இறங்கியதும், திருப்பிக்கொண்டு விலகுங்கள். மறுபடி வாருங்கள். இப்போது எட்டு மீட்டரில் நிற்கும்.

“பயத்தை நேருக்கு நேர் பார்க்க வைக்கணும்” என்று உதைத்து உதைத்துக் கிட்டக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதன் பிறகு குதிரைக்கு இரண்டு பயம். ஒன்று பை, இன்னொன்று பையைப் பார்த்தால் உதைக்கிற நீங்கள்.

ஒரு பக்கம் பழகியதை மறுபக்கத்திலிருந்தும் காட்டுங்கள். இடது கண்ணால் பார்த்துப் பழகிய அதே குடையை, திரும்பி வரும்போது வலது பக்கம் பார்த்துத் துள்ளுவது சகஜம். முதலில் கீழே நின்று, கையில் 3 மீட்டர் கயிற்றோடு பழக்குங்கள். குடை, பை எதுவானாலும் குதிரையை நோக்கிக் கொண்டுவராமல், நீங்கள் அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துபோங்கள், குதிரை பின்னால் வரட்டும். ஓடிப்போகிற பொருளைப் பார்த்தால் அதற்குப் பயம் குறைந்து ஆவல் வந்துவிடும். முத்தழகி ஒரு வாரத்தில் என் குடையைக் கடித்துக் கம்பியை வளைத்துவிட்டது.

மிரளும்போது உங்கள் மூச்சையும் கவனியுங்கள். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இறுக்கினால், மேலே இருப்பவரும் அந்தப் பையைப் புலி என்று ஒப்புக்கொண்டதாகத்தான் குதிரை நினைக்கும். வாய்விட்டு ஏதாவது பேசுங்கள், பாடுங்கள். பேசும்போது மூச்சைப் பிடிக்க முடியாது.

அறிகுறி: இழுக்க இழுக்க இன்னும் வேகமாக ஓடுகிறது

இதுவும் பழைய வேலையின் பழக்கம். பந்தயக் குதிரை வாயிலிருக்கும் கடிவாள இரும்பில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. கடிவாள வார் இரண்டையும் இழுத்துப் பிடித்தால் ‘போ’ என்று படித்துக்கொள்ளும். ஆகவே இழு, விடு, இழு, விடு. அது நின்றால் உடனே வாரைத் தளர்த்துங்கள்.

அவசரத்துக்கு ஒற்றை வார். ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாகச் சுருக்கி உங்கள் தொடைப்பக்கம் கொண்டுவந்தால் கழுத்து வளையும், பின்கால்கள் குறுக்கே அடியெடுத்து வைக்கும், வேகம் சாகும். இதை நின்ற இடத்தில் இரு பக்கமும் நூறு தடவை, பிறகு நடையில், பிறகு டிராட்டில் (மெதுவான ஓட்டத்தில்) பழகிய பிறகுதான் நம்பலாம். முழு வேகத்தில் திடீரென்று இழுத்தால் குதிரையே சரிந்து விழும். அப்போது பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவதுதான் வழி. ‘குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம்’ என்கிற நிலைக்குப் போகாமலிருக்கத் தலைக்கவசம் போடுங்கள். லாயத்துக்குள் கயிறு பிடித்து நடக்கும்போதும்தான்.

அறிகுறி: இடி, பட்டாசு, உறுமிச் சத்தம்

கோலாலம்பூரில் மாலை நாலு மணிக்கு மேல் இடியைக் குறை சொல்லிப் பயனில்லை. சவாரியைக் காலைக்கு மாற்றுங்கள். வானம் கறுத்தால் இறங்கிவிடுங்கள், திறந்த வெளியில் குதிரை மேல் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது கொட்டிலில் புல் நிறைய இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு குதிரை கண்ணில் படட்டும். தனியாக நிற்கும் குதிரைக்கு இடி இரண்டு மடங்கு.

தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஆறு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். பட்டாசுச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து, தீனி நேரத்தில் மட்டும், காதில் விழுந்தும் விழாமலும் ஒலிக்க விடுங்கள். மென்று கொண்டே இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுங்கள். மெல்லுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், முந்தைய அளவுக்கு இறக்குங்கள். தைப்பூசத்துக்கு முன் உறுமி மேளத்தை இப்படித்தான் பழக்கினோம். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) உறுமிக் குழு ஒத்திகை பார்ப்பதால் வேறு வழியும் இருக்கவில்லை.

அறிகுறி: நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று மறுபடி பழையபடி

முதலில் நாடியும் சூடும் பாருங்கள், மேலே சொன்ன ஒரு வாரக் கணக்கு இப்போது உதவும். அதில் ஒன்றும் இல்லையென்றால் என்ன மாறியது என்று யோசியுங்கள். பக்கத்துக் கொட்டில் குதிரை போய்விட்டதா, புது சைஸ் வந்தாரா, தீனி மாறியதா, ராத்திரி படுக்க முடிந்ததா. குதிரை நின்றுகொண்டே கண் அசரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு ஒரு நாளில் அரை மணியாவது படுத்தாக வேண்டும். கொட்டில் ஈரமாக இருந்தாலோ இடம் புதிது என்றாலோ படுக்காது. உடம்பில் மரத்தூளோ வைக்கோலோ ஒட்டியிருக்கிறதா என்று காலையில் பாருங்கள். இரண்டு மூன்று நாளாக ஒட்டவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

எதுவும் மாறவில்லை என்றால் நேற்று நீங்கள் கொஞ்சம் அதிகம் கேட்டிருப்பீர்கள். மூன்று நாள் பின்னால் போங்கள். தோளில் ஹால்டர், கதவருகே நில்லுங்கள், காது திரும்புகிறதா பாருங்கள். இந்த முறை அரை மணி ஆகாது.

பின்கால்களில் நிமிர்ந்து எழுந்து மல்லாக்க விழப் பார்க்கிற குதிரைக்கு மட்டும் இதில் எதுவும் செய்யாதீர்கள். மேலே ஏறாதீர்கள். வைத்தியர் பார்த்த பிறகு, இப்படிப்பட்ட குதிரைகளோடு வருடக்கணக்கில் வேலை செய்த ஒருவரை நேரில் கூட்டிவாருங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் அவரைத்தான் கூப்பிடுவேன்.